பலகைச் சுவர்

கண்ணாடி மேசைமேல் அந்தச் சின்னத் தோட்டா உருண்டுகொண்டிருக்கிறது, வசுமதியம்மாளின் விரல்நுனி அதைத் தடுத்துத் திருப்பி மறுபடி உருட்டிவிடுகிறது, வெளியே சேலத்து வெயில், கடைக்குள் துப்பாக்கி எண்ணெயின் வாடை, கடைக்காரர் சற்குணம் சிரித்துக்கொண்டிருக்கிறார், அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் அவரைத் தூங்கவிடாமல் செய்வது, எனக்கு இந்தச் சின்னத் துப்பாக்கியே போதும்ங்க, கைக்கு அடக்கமா இருக்கு என்கிறாள் அவள், ஏற்காட்டில் காப்பித் தோட்டம், மிளகு திருட வருகிறவர்கள் பின்கதவுவரை வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், வீட்டில் அவளும் தங்கை பூரணியும் மட்டும், அதற்காக வாங்கிய லைசென்ஸ், அவர் இன்னொரு தோட்டாவை எடுத்துப் பக்கத்தில் நிறுத்துகிறார், தடித்தது, அம்மா, நீங்க வச்சிருக்கறது பாயிண்ட் டூ டூ, சின்ன ரகம், கை உதறாது, குறி பார்த்துப் பழகறதுக்குச் சரி, பையில போட்டுக்கிட்டு வெளியூர் போறவங்களுக்கும் குடுப்பேன், ஆனா கதவை உடைச்சுக்கிட்டு வர்றவன் அதுக்கெல்லாம் நிக்க மாட்டான், காக்கா விரட்டத்தான் ஆகும், வீட்டுக்குன்னா இந்தப் பெரிய ரகம், பாயிண்ட் த்ரீ டூதாங்க, சொல்லிவிட்டுத்தான் சிரித்தார், அவள் வெட்கப்பட்டுச் சின்னதைக் கீழே வைத்தாள், பெரியதையே வாங்கிக்கொண்டாள், வயதைக் கேட்டார், கையில் வலி உண்டா, கண் எப்படி என்று கேட்டார், வீட்டுச் சுவர் எதால் ஆனது என்று மட்டும் கேட்கவில்லை.

பலகைச் சுவர், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், போலீஸ் கடைக்கு வந்து விசாரித்தபோதுதான் தெரிந்தது, பனி இறங்கிய ஒரு பிற்பகலில் பின்கதவைப் பிளந்துகொண்டு கொடுவாளோடு ஒருவன் உள்ளே வந்திருக்கிறான், வசுமதியம்மாள் சுட்டிருக்கிறாள், அவன்மேல் படவில்லை, ஓடிவிட்டான், குண்டு பலகையைத் துளைத்துச் சமையலறைக்குள் போனது, அங்கே பூரணி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள், ஜீப் மலையிறங்குவதற்குள் உயிர் போய்விட்டது, அதன்பிறகு சற்குணம் கண்ணை மூடினால் அந்தச் சமையலறையில்தான் நிற்கிறார், பால் பொங்குகிறது, பலகைக்கு அப்பாலிருந்து தன் சிரிப்பே கேட்கிறது, அக்கா, யாரு வந்திருக்காங்க என்கிறாள் அவர் ஒருநாளும் பார்த்திராத பூரணி, பதில் சொல்ல வாயெடுத்தால் விழிப்பு வந்துவிடுகிறது.

பிறகு வசுமதியம்மாளே கடைக்கு வந்தாள், இளைத்துப் போயிருந்தாள், நாற்காலியைத் துடைத்துப் போட்டார், அம்மா, நான் அன்னைக்கு என்று தொடங்கியவரைக் கையமர்த்தினாள், உங்க மேல தப்பில்லைங்க, சுட்டது நான், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன், நான் முதல்ல எடுத்த சின்னது, அதுவா இருந்தா பலகையைத் தாண்டியிருக்குமா?

தாண்டியிருக்கும், அந்தத் தூரத்தில், அந்த மெல்லிய பலகையை எதுவுமே தாண்டியிருக்கும், தொழிலில் நரைத்தவருக்கு இது தெரியாதா, சொல்லிவிட்டால் அவருடைய பாரம் பாதி இறங்கிவிடும், அவள் எழுந்து தன் பாரத்தை முழுசாகத் தூக்கிக்கொண்டு மலையேறிப் போய்விடுவாள், அவள் கண் இமைக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாண்டியிருக்காதுங்கம்மா, பலகையிலயே நின்னிருக்கும்.

அப்ப உங்களாலதான் என்றாள் அவள், உங்களாலதான் என் பூரணி போனா, குரல் உயர்ந்து உடைந்தது, செத்த வீட்டில்கூட அழாதவள் என்று ஊரே சொன்னவள், அந்தக் கண்ணாடி மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள், தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள், சற்குணம் கைகட்டி நின்றார்.

ஆமாங்கம்மா, என்னாலதான் என்றார், அந்த வார்த்தை மட்டும் பொய்யாக வரவில்லை.