ஆறு மணி வரை மௌனம்

அலுவலகத்தில் அவருக்கு 'சரிங்க சார்' என்று பட்டப்பெயர். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது 'சரிங்க'தான். சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் துணைச் செயலாளர். ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனிதர். அப்படிப்பட்டவரைத்தான் நிலையான வளர்ச்சிக்கான உலக ஒப்பந்தத்தைப் பேசி முடிக்க அனுப்பிவைத்தார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். மற்றவர்கள் எல்லாம் சண்டைக்காரர்கள்.

அவர் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு பத்தி. கடல் ஏறி வீட்டை இழக்கிறவர்களை வேறிடத்தில் குடியமர்த்த வசதியான நாடுகள் கை கொடுக்க வேண்டும் என்று சொல்கிற இருபத்தொன்றாம் பத்தி. அந்தப் பத்திக்குள் அவருடைய அக்கா வீடும் இருந்தது. பெரிய அலை வரும் நாட்களில் கடல் தண்ணீர் வாசலைத் தாண்டி வந்து அக்காவின் கட்டில் காலை நனைத்துவிட்டுப் போகும். குழாயில் வருவதும் உப்பு. அவர் புறப்பட்டபோது அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நீ யாரையும் எதிர்த்துப் பேச மாட்டே, எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை எனக்காகப் பேசிடுடா."

"சரிக்கா" என்றார்.

கடைசி நாள் காலையில் கூட்டத்தலைவி புது வரைவை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினார். இந்தக் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாலை ஆறு மணிக்குள் யாராவது 'ஆட்சேபம்' என்று ஒரு வரி எழுதினால் வரைவு மறுபடியும் பேச்சுக்குப் போகும். ஒருவரும் எழுதாவிட்டால் அத்தனை பேரும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஓட்டு கிடையாது, கை தூக்குவது கிடையாது. கம்மென்று இருந்தால் போதும், உலகம் முடிவெடுத்துவிடும்.

இருபத்தொன்றாம் பத்தி இருந்த இடத்தில், 'இது பிற்பாடு ஆராயப்படும்' என்று அரை வரி இருந்தது. அவர் மடிக்கணினியை அருகே இழுத்தார். 'எங்கள் நாடு ஆட்சேபிக்கிறது' என்று தட்டினார். அனுப்பப் போனார். சாப்பிட்டுவிட்டு வந்து அனுப்பலாம் என்று மூடிவைத்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டத்தலைவி தட்டைத் தூக்கிக்கொண்டு இவர் மேசைக்கே வந்து உட்கார்ந்தார்.

"உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த ஒப்பந்தம் போன வருஷமே முடிஞ்சிருக்கும். எனக்குப் பேத்தி பொறந்திருக்கா, இன்னும் முகத்தைக்கூடப் பார்க்கலை. இன்னைக்காவது ஊருக்குப் போக விடுவாங்களான்னு பார்க்கணும்."

"கண்டிப்பா போவீங்க மேடம்" என்று இளித்தார். இளித்தாரே ஒழிய, உருளைக்கிழங்கைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தார். இனி அந்த ஒரு வரியை எந்த முகத்தோடு அனுப்புவது?

அப்போதுதான் அவருக்குப் பக்கத்து நாட்டு அதிகாரியின் நினைவு வந்தது. அவர்களுக்கும் அதே கடல், அதே உப்பு. போன கூட்டத்தில் மேசையைத் தட்டிக் கத்தியவர். இன்றைக்கும் அந்த மனுஷன் சும்மா விடமாட்டார். அவர் குதித்ததும் 'நாங்களும்' என்று பின்னால் ஒட்டிக்கொண்டால் போதும். பொல்லாப்பு அவரோடு போகும். எப்பேர்ப்பட்ட யோசனை பாருங்கள்!

ஆறு மணி நெருங்க நெருங்க, கூட்ட அரங்கில் அவர் அந்த அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அதிகாரியும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் புன்னகைத்தார். அவரும் புன்னகைத்தார். ஆறு அடித்தது.

கூட்டத்தலைவி சுத்தியலைத் தட்டினார். அரங்கமே எழுந்து கைதட்டியது. இவரும் எழுந்து தட்டினார். பாழாய்ப்போன கை, பழக்கதோஷம்.

பக்கத்து நாட்டு அதிகாரி நேராக இவரிடம் வந்தார். "என்ன சார் இது? போன தடவை கத்தினதுக்கே எங்க அமைச்சர் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. இந்தத் தடவை நீங்க எழுதுவீங்கன்னுல்ல நம்பி உட்கார்ந்திருந்தேன்!"

இவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. இருவரும் ஒருவர் செருப்பை ஒருவர் பார்த்தபடியே பிரிந்தார்கள்.

அறைக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, அக்காவின் அழைப்பு வந்துவிட்டது.

"டிவியில உன்னைக் காட்டினாங்கடா! கைதட்டிக்கிட்டு நின்னியே! நம்ம விஷயம் வந்துடுச்சா?"

"இல்லக்கா. எடுத்துட்டாங்க."

அந்தப் பக்கம் யாரோ துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி விடு. அத்தனை பேரு ஒரு பக்கம் நின்னா நீ ஒத்தை ஆளு என்னடா பண்ணுவே? எவ்வளவு மல்லுக்கட்டியிருப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

"அக்கா..." நான் வாயே திறக்கவில்லை என்று சொல்லித் தொலை, சொல்லித் தொலை என்று மனசு அடித்துக்கொண்டது.

"குரலே ஒரு மாதிரி இருக்கேடா. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சு போல. வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளி, என்ன?"

"சரிக்கா" என்றார்.