இரண்டு சூட், ஒரு ஜோடி ஃபின்ஸ்

…ஜிப் முன்னால்தானே வரும், குழந்தை கவுனுக்குத் தவிர எவன் முதுகில் ஜிப் வைப்பான், என்று நினைத்துக்கொண்டே அவள் அந்த ரப்பர் சூட்டின் ஜிப்பை வயிற்றிலிருந்து மேலே இழுத்தாள், மார்பு வரை சமர்த்தாக வந்தது, அதற்கு மேல் கழுத்தை நெரித்தது, முழங்காலுக்குப் பின்னால் யாரோ இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்து ஒட்டியது போல ஒரு தடிப்பு, கண்ணாடியில் பார்த்தால் கடலுக்குப் போகிறவள் மாதிரியே இல்லை, டயரில் பாதி விழுங்கப்பட்டவள் மாதிரி இருந்தாள்… திரைக்கு வெளியே கடைப்பெண் தொண்டையைச் செருமினாள். கொண்டையில் பென்சில் செருகிய பெண், இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது, அந்த வயதுக்குரிய பொறுமையின்மை கொஞ்சமும் இல்லாதவள். "மேடம், முட்டில பேட் மாதிரி ஒண்ணு இருக்கே, அது முன்னாடி வருதா, பின்னாடி வருதா?" பொய் சொல்லலாமா? சொல்லி என்ன ஆகப்போகிறது, வெளியே போனால் தெரிந்துவிடும். "பின்னாடி." "அப்போ கழட்டிட்டுத் திருப்பிப் போடுங்க. வெக்கப்படாதீங்க, போன வாரம் ஒரு போலீஸ்காரரே இப்படித்தான் வெளிய வந்து நின்னாரு."

கழற்றுவது போடுவதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. தோலை உரிப்பது போல உரித்தாள், பாதியில் களைத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள், பக்கத்தில் அக்காவுக்கு எடுத்து வைத்த சூட் மடிப்புக் கலையாமல் கிடந்தது, இரண்டும் எம் சைஸ், இருபது வருஷமாக இரண்டு பேருக்கும் எல்லாமே எம்தான், ஒரே பீரோ, ஒரே அலமாரித்தட்டு, யார் முதலில் குளித்தார்களோ அவர்களுக்கு நல்ல சட்டை. ஸ்கூபா டைவிங் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாகக் கடலில் இறங்க வேண்டும். ஜோடி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது, அது சட்டம். ஜோடியை உறுதி செய்து ஐந்து மணிக்குள் செய்தி அனுப்பச் சொல்லியிருந்தார் பயிற்சியாளர். மதியமே அக்காவுக்கு மெசேஜ் போட்டுக் கேட்டுவிட்டாள், வருவாய்தானே, உனக்கும் சேர்த்து எடுக்கிறேன், என்று. பார்த்துவிட்டாள் அக்கா, பதில் இல்லை. மணி நாலே கால். சமைத்துக்கொண்டிருப்பாளோ… நாலே காலுக்கு யார் சமைப்பார்கள்? அந்த மனிதருக்கு மாலையில் ஏதாவது செய்து தர வேண்டியிருக்குமோ? அக்கா தன் ஆபீஸ் லிஃப்டில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டபோது அறிமுகமானவர். நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எரிச்சல், கொஞ்சம் குறை இருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். அக்கா ஐம்பத்திரண்டு வயதில் கல்யாணம் செய்துகொண்டு போய் எட்டு மாதம் ஆகிறது. அவரை அத்தான் என்று கூப்பிட இவளுக்கு இன்னும் நாக்கு எழவில்லை, நாற்பத்தாறு வயதில் புதிதாக ஒரு அத்தான் என்றால் நாக்குதான் என்ன செய்யும்?

இந்த முறை சரியாகப் போட்டாள், முதுகில் நாடா போல ஒரு கயிறு தொங்கியது, அதைப் பிடித்து நாமே மேலே இழுத்துக்கொள்ளலாமாம், தனியாக இருப்பவர்களை யாரோ ஒருவன் நினைத்துப் பார்த்துத்தான் தைத்திருக்கிறான். வெளியே வந்து நின்றதும் பென்சில்காரி கழுத்தில் இரண்டு விரலை நுழைத்தாள், அக்குளை அழுத்தினாள், தோளைப் பிடித்துத் திருப்பினாள். இவள் அப்படியே நின்றாள். ஆஸ்பத்திரியில் தினமும் அறுபது பேரின் தோளைப் பிடித்து இவள்தான் திருப்புகிறாள், தாடையைத் தூக்குகிறாள், மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, விடுங்க, அடுத்த ஆள்… இருபத்திரண்டு வருஷ எக்ஸ்ரே வேலை. நீச்சல் குளத்தில் முதல் வகுப்பன்று, தண்ணீருக்குள் மூச்சை ஒருபோதும் பிடித்து வைக்காதீர்கள் என்று பயிற்சியாளர் சொன்னதும் அக்கா விலாவில் இடித்து, "சின்னு, உன் பொழப்புல மண்ணு" என்றாள். அது போகட்டும், தன் தோளை யாராவது தொட்டு எத்தனை நாள் ஆகிறது? பஸ் நெரிசலைக் கணக்கில் சேர்க்கலாமா? "மேடம், இடுப்புக்குப் பின்னாடி காத்து நிக்குது பாருங்க." பென்சில்காரி ரப்பரைக் கிள்ளி விட்டாள், அது பொத்தென்று திரும்பி ஒட்டியது. "உள்ள கொஞ்சம் தண்ணி வரத்தான் வரும். உங்க உடம்புச் சூடே அதச் சூடாக்கிடும். இடைவெளி இருந்துச்சுன்னா சூடான தண்ணி வெளிய போயி புதுசா குளிர்ந்த தண்ணி வந்துட்டே இருக்கும். ஒரு சைஸ் கம்மியா பாப்போம்." "எம்தான் என் சைஸ்." "இருந்திருக்கும் மேடம்." இருந்திருக்கும்… என்ன அநியாயமான இறந்தகாலம். எட்டு மாதமாக ஒரு ஆளுக்குச் சமைத்து அதில் பாதியைச் சாப்பிட்டால் உடம்பு எங்கே நிற்கும்?

எஸ் சைஸுக்கு ஒரு பிளாஸ்டிக் பையும் கூட வந்தது, பாதத்தில் மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகுமாம். போயிற்று. கால்கள் போயின, இடுப்பு போயிற்று, இரண்டு கையும் முழங்கை வரை நுழைந்து இறுகி நின்ற அந்த நொடி பார்த்து, ஸ்டூல் மேல் ஃபோன் அதிர்ந்தது. அக்கா. கைகளோ உள்ளே, விரல்களோ ரப்பருக்குள் எங்கோ… நாலு தடவை அடித்து நின்றுவிட்டால்? இன்னொரு தடவை கூப்பிட அக்காவுக்குத் தைரியம் வருமோ வராதோ? அவள் குனிந்து மூக்கால் ஃபோன் திரையைத் தேய்த்தாள், எப்படியோ எடுத்துவிட்டது, ஸ்பீக்கரும் விழுந்துவிட்டது.

"சின்னு, எங்க இருக்க? என்ன மூச்சு வாங்குது?"

"கடைல. சூட் போட்டுப் பாத்துட்டிருக்கேன். உனக்கும் எடுத்தாச்சு."

"எனக்கு எடுக்காதடி."

அவ்வளவுதான். காரணம் பின்னால் வந்தது, அவருடைய தங்கை வீட்டில் ஏதோ, காலையிலேயே கிளம்ப வேண்டும், அடுத்த மாதம் பார்க்கலாம்… அக்கா பொய் சொல்லும்போது வாக்கியங்கள் நீளும், அது இவளுக்குத் தெரியும். "ஆசப்பட்டு நீதானேக்கா பேர் குடுத்த," என்றாள். அக்கா வெடுக்கென்று கேட்டாள். "நானா? எனக்குத் தண்ணின்னாலே குலை நடுங்கும். பஸ் ஸ்டாப்புல அந்த டைவிங் கிளாஸ் போஸ்டரையே பாத்துட்டு நின்னியே, நான் கூப்பிட்டது கூடக் காதுல விழல. ரெண்டு பஸ்ஸ விட்டோம். சரி, இவளுக்கு ஏதோ ஒண்ணு பிடிச்சிருக்கு, கூடப் போவோம்னு வந்தேன். குளம் பரவால்ல, அடி தெரியுது. கடல் என்னால ஆகாது சின்னு. நீ போயிட்டு வா. போவ இல்ல?" திரைக்கு வெளியே பென்சில்காரி ஹேங்கர்களை அவசியத்துக்கு மேல் சத்தமாக நகர்த்தினாள். "பாக்கறேன்," என்றாள் இவள். "பாக்கறேன்னா போகமாட்டேன்னு அர்த்தம், உன்னத் தெரியாதா எனக்கு," என்றாள் அக்கா, குரல் சரியில்லை, வைத்துவிட்டாள்.

போஸ்டரா? அவள் எந்தப் போஸ்டரைப் பார்த்தாள்… அன்று அக்கா தன் புது வீட்டுக்கு, இவள் பழைய வீட்டுக்கு, ஒரே நிறுத்தத்தில் வேறு வேறு பஸ். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் எதிரே கண்ணில் பட்டதை வெறித்துக்கொண்டு நின்றிருப்பாள். அது மீனாக இருந்தால் என்ன, சிமெண்ட் விளம்பரமாக இருந்தால் என்ன? சிமெண்டாக இருந்திருந்தால் அக்கா இவளைக் கட்டட வேலைக்குச் சேர்த்துவிட்டிருப்பாளோ? சிரிப்பு வந்தது, கையை உள்ளே தள்ளினாள், முழங்கை தாண்டியது, தோள் வரை ஏறியது. ஆக, அக்காவுக்காக இவள், இவளுக்காக அக்கா, நாலு சனிக்கிழமை, யாருக்குமே வேண்டாத ஒன்றுக்கு இரண்டு பேர் அத்தனை ஒழுங்காக நேரத்துக்குப் போயிருக்கிறார்கள். குளத்தின் அடியில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா இவள் கையைப் பிடித்துக்கொண்டாளே, ஒவ்வொரு வகுப்பிலும், மேலே வந்து பார்த்தால் விரல் தடம் வெள்ளையாகப் பதிந்திருக்கும், தங்கை பயந்துவிடக் கூடாதென்று பிடித்திருக்கிறாள் என்றுதானே இத்தனை நாள்… மனிதர்களின் நெஞ்சுக்கூட்டுக்குள் இருப்பதையெல்லாம் தினமும் படம் பிடிக்கிறவளுக்கு, ஒரு முழம் தள்ளி நடுங்கிக்கொண்டிருந்தது தெரியவில்லை. படம் எடுப்பதோடு சரி, பார்த்துச் சொல்வது டாக்டர் வேலை என்று இருந்துவிட்டாளா?

கயிற்றைத் தானே பிடித்து இழுத்தாள், ஜிப் கழுத்து வரை ஏறி நின்றது. வெளியே வந்தபோது பென்சில்காரி இடுப்பைக் கிள்ளிப் பார்த்தாள், ரப்பர் விரலுக்குப் பிடிபடவில்லை. "இது உங்களோடது," என்றாள். அக்காவின் எம்மை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள், ஒன்றும் கேட்கவில்லை, அதற்காகவே அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. பிறகு ஃபின்ஸ், காலில் மாட்டிக்கொள்ளும் துடுப்பு. பட்டை வைத்தது வேண்டுமா, வெறுங்காலில் செருகுவது வேண்டுமா, நீளமா, குட்டையா, விறைப்பாக இருப்பது வேகமாகப் போகும் ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தொடை பிடித்துக்கொள்ளும்… "உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" தெரியாது. நிஜமாகவே தெரியாது, கடைகளில் எது வேண்டும் என்று அக்கா கேட்பாள், உனக்கு எதுவோ அதுவே என்று இவள் சொல்வாள், அது ஒரு பதில் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். மஞ்சளைத் தொட்டாள். விரல் மடங்கியது, அடுத்த அளவு, குதிகால் கழன்றது, இன்னொன்று, பொருந்தியது. சாயம் போன மாதிரி ஒரு நீலம், மஞ்சளில் அந்த அளவு இல்லையாம், பரவாயில்லை, வளைத்துப் பார்த்தால் மெத்தென்று வளைந்தது. நாலு நாற்பத்தெட்டு. ஃபோனை எடுத்து அக்கா வரவில்லை என்று அடித்தாள், அழித்தாள், நான் வருகிறேன் என்று அடித்தாள், வேறு யாரை வேண்டுமானாலும் ஜோடியாகப் போடுங்கள் என்று சேர்த்தாள், அனுப்பிவிட்டாள். ஒரு நொடியில் பதில், ஒரு கட்டைவிரல், அவ்வளவுதான், யார் அந்த வேறு யாரோ?

"நடந்து பாருங்க மேடம். முன்னாடி நடந்தா தடுக்கி விழுவீங்க, பின்னாடி நடங்க." ஒரு அடி வைத்தாள், தரையில் சளக்கென்று அடித்தது, இன்னொரு அடி. கொக்கியில் தொங்கிய அந்த எம் சூட் தள்ளித் தள்ளிப் போனது, பென்சில்காரி போனாள், கண்ணாடி போயிற்று. பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை, சுவரோ, ஆளோ… ஞாயிற்றுக்கிழமை அந்த யாரோ கையை நீட்டினால், அவருக்குப் பயம் என்று நீட்டுகிறாரா, தனக்குப் பயமிருக்கும் என்று நீட்டுகிறாரா, தண்ணீருக்குள் வாயில் குழாயோடு அதை எப்படிக் கேட்பது? அப்போதுதான் கவனித்தாள், தன் வலது கை தானாகப் பின்னால் நீண்டிருந்தது, விரல்கள் பாதி விரிந்து, பிடித்துக்கொள்ளவா கொடுக்கவா என்று அவளுக்கே விளங்காதபடி.