ஜன்னலில் விழாத முகம்

எலிகெம் ஆன்ட்வெர்ப் போய் ஏழு வருஷம். துறைமுகக் கிடங்கில் வேலை. அங்கே தங்குவதற்கான காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை. நடுவில் ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. அதனால் அவன் வரவில்லை, அவன் வீடு மட்டும் சொந்த ஊரான ஹோவில் ஆடக்லு மலையைப் பார்த்தபடி எழும்பிக்கொண்டிருந்தது. அவன் மனைவி யாயிரா பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஞாயிறுதோறும் போனில் படம் எடுத்து அனுப்புவாள்.

மாடி எழும்பிய வாரம் அவன் கத்தினான்.

"சுவரு பின்னால சாயுது பாரு! கொத்தனார் உன்னை நல்லா ஏமாத்துறான்."

"சுவரெல்லாம் சாயல. போனை அண்ணாந்து பிடிச்சேன், அப்படித்தான் விழும்."

"ஊர்ல இருக்கிற கட்டடத்தையெல்லாம் பெரிய கேமராவுல எடுக்கிறே. சொந்த வீட்டுக்கு மட்டும் போனா?"

அவளுக்குச் சுருக்கென்றது. தலைநகர் அக்ராவில் ஹோட்டல், வங்கி என்று யார் கட்டினாலும் படத்துக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அந்தக் கேமராவில் அவள் எடுப்பது கட்டி முடித்த கட்டடங்களை. இந்த வீட்டை அதில் எடுத்தால் முடிந்துவிட்ட மாதிரி ஆகிவிடும்; அவன் வராமல் இது முடிந்துவிடக் கூடாது.

அடுத்த ஞாயிறு அந்தக் கேமராவையே தூக்கிக்கொண்டு போனாள். கொத்தனார் டோட்சே சிரித்தார்.

"என்ன தங்கச்சி, என் சுவருக்குச் சாட்சி சொல்ல வந்தியா?"

"ஆமாண்ணே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சாட்சி கலைஞ்சிடும்."

கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காமல் மட்டமாக வைத்தாள். திருகைச் சுற்ற, லென்ஸ் மட்டும் மேலே நகர்ந்தது. மாடியின் உச்சி படத்துக்குள் வந்தது; சுவர்கள் நேராக நின்றன. கீழ்த்தளத்தில் புதிதாகப் போட்ட பெரிய ஜன்னல் கண்ணாடியில் அவள் கேமரா முக்காலியோடு தெரிந்தாள். தொழில் பழக்கம், கேமராவோடு நாலு எட்டு இடப்பக்கம் தள்ளிப் போய், லென்ஸை வலப்பக்கம் நகர்த்தினாள். வீடு நேரெதிரில் நின்று எடுத்ததுபோலவே இருந்தது. கண்ணாடியில் அவள் இல்லை.

பிறகு மாடியேறி மலையை எடுத்தாள். லென்ஸை லேசாக முன்னால் சாய்க்க, கீழே வீட்டடிப் புல்லிலிருந்து மலையுச்சிப் பாறை வரைக்கும் எல்லாம் துல்லியமாக விழுந்தது.

படங்கள் போய்ச் சேர்ந்ததும், சாயங்காலம் எலிகெம் அழைத்தான். அங்கே ஒரே அறையில் ஐந்து பேர் என்பதால் முகம் காட்டிப் பேசக் கூச்சம், குரல் மட்டும்தான்.

"டோட்சே அண்ணன்கிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு. மலையைப் பெரிசாக்கிப் பாத்தேன். ஏறுற பாதைகூடத் தெரியுது." பிறகு கேட்டான்: "கண்ணாடியில நீ இல்லையே?"

"தள்ளி நின்னு எடுத்தேன். ஆள் விழாது."

"ஒவ்வொரு ஜன்னலாத் தேடினேன், யாயிரா."

காகிதம் வரட்டும், வரட்டும் என்றே ஏழு வருஷம் சொல்லி வந்தவள் அவள்.

"வந்துடு," என்றாள். "வீடு முடியாட்டியும் பரவாயில்ல. திரும்பிப் போக முடியாட்டியும் பரவாயில்ல."

"அதெப்படி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "யோசிக்கிறேன்."

அதன் பிறகு அவன் சுவரைப் பற்றிக் கேட்பதில்லை. வாசலில் அவள் நிற்கிற படம் கேட்டான்.

"எடுக்க ஆள் வேணும்ல? நீ வந்து எடு."

டிசம்பரில் ஒரு தேதி சொன்னான். அந்தத் தேதி அவன் வராமலே போயிற்று. இப்போது ஈஸ்டருக்கு என்கிறான். ஈஸ்டர் வாரத்தில் படம் எடுக்க அக்ராவிலிருந்து ஒரு ஹோட்டல்காரர் கூப்பிட்டார். வர முடியாது என்று சொல்லிவிட்டாள்.