முதுகில் மூன்று லிட்டர்

முதுகில் தண்ணீர் அசைகிறது, இடது தோளிலிருந்து வலது தோளுக்குப் போய்த் தயங்கித் திரும்புகிறது, மூணு லிட்டருங்க சார், வெறும் பையப் போட்டுப் பாத்தா எதுவுமே தெரியாது, அதான் ரொப்பியே மாட்டிவிடறேன், என்று சொல்லிக்கொண்டு சைக்கிள் கடை ரோஸ்லின் திருமூர்த்தியின் நெஞ்சுக்குக் குறுக்கே வாரை இழுத்துப் பூட்டுகிறாள், ஹேண்டில்பாரைப் புடிக்கிற மாதிரி குனிங்க, ம், இப்ப ஆடுதுங்களா, ஆடுகிறது, ஆடாமல் என்ன செய்யும், போன வருடப் பங்குனியில் பாலமலைப் பக்கம் அந்தச் செம்மண் தடத்திலும் இப்படித்தான் ஆடியது, ஒவ்வொரு கல்லில் ஏறி இறங்கும்போதும் நான் இருக்கிறேன் நான் இருக்கிறேன் என்று முதுகில் தட்டிக்கொண்டே வந்தது. எதிரே ஸ்டூலில் குழந்தைவேலு உட்கார்ந்திருக்கிறான், திருமூர்த்தியின் மனைவி சாந்தாமணிக்கு உடன்பிறந்த தம்பி, ஒரு வருடத்தில் பாதியாய் இளைத்துப்போன உடம்பு, மடியில் டியூப் வைத்த நான்கு தண்ணீர்ப் பைகளைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றின் வாயையும் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்க்கிறான், சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவன்கூட இத்தனை கவனமாய்ப் பார்க்க மாட்டான், கை உள்ள போனாத்தானுங்க மாமா கழுவ முடியும், இல்லாட்டிப் பாசி புடிச்சுக்கும், என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறான், அந்தச் சிரிப்பைத்தான் திருமூர்த்தியால் தாங்க முடியவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வேலு மறுபடி சைக்கிளில் மலையேறப் போகிறான், டாக்டர் ஒருவழியாகத் தலையை ஆட்டிவிட்டார், ஆனால் விரலையும் சேர்த்து ஆட்டினார், கால் மணிக்கு ஒருதரம் ரெண்டு மடக்கு, தாகம் எடுத்தாலும் சரி எடுக்காட்டியும் சரி, தண்ணி மட்டும் தவறுச்சுன்னா இன்னொரு தடவ அந்தக் கிட்னி எந்திரிக்காதுங்க, என்று வேலுவை விட்டுவிட்டுத் திருமூர்த்தியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார், கூட வந்த பாவத்துக்கு இவர்தான் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டவர் மாதிரி. இங்கே ரோஸ்லின் கேட்கிறாள், ஒரு பையில ரெண்டு பேருங்களா, வேண்டாமுங்க சார், மலைக்குப் போறவங்க ஆளுக்கொண்ணு வெச்சுக்கறதுதான் வழக்கம், வேலு தலையை ஆட்டி மறுக்கிறான், எனக்கு இன்னும் தோள்ல தெம்பு வரலீங்க, எங்க மாமா முதுகு இருக்கறப்ப எனக்கெதுக்குத் தனிப் பை, பெருசா ஒண்ணு போதும், நானு அவரு பக்கத்துலயே வருவேன், டியூப்புல வாய் வெச்சே குடிச்சுக்குவேன், இனி எனக்கு எச்சையும் கெடையாது கிச்சையும் கெடையாது. திருமூர்த்தியின் நெஞ்சில் வார் இறுகுகிறது, ரோஸ்லின் அதை மறுபடி தொடக்கூட இல்லை, சொல்லிவிடு, பில் போடுவதற்கு முன்னால் சொல்லிவிடு, என்று உள்ளே ஒன்று பிறாண்டுகிறது, ஒரு வருடமாகத்தான் பிறாண்டுகிறது, இன்றைக்கு விட்டால் ஞாயிற்றுக்கிழமை இவன் உயிரை மறுபடி இதே முதுகில் ஏற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கும்.

அந்தப் பங்குனியில் வேலு மாலை போட்டிருந்தான், பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தண்ணீரைக் காவடியில் கட்டிப் பழனிக்கு நடந்தே கொண்டுபோகிற குடும்பம் அது, அவனுக்கு அது பதினோராவது வருடம், விரதம் என்றால் அவனுக்கு விரதம்தான், ஒருவர் வாய் பட்டதைத் தொடமாட்டான், அப்படிப்பட்டவனை, வாயில் வைத்துச் சப்பிக் குடிக்கிற பையை நம்பி வெயிலில் கூட்டிக்கொண்டு போனதே ஒரு கூத்துதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிளை விட இருவருக்கும் மனம் வரவில்லை, ஆளுக்கொரு பையாவது வாங்கியிருக்கலாம், ஒண்ணு போதும் மாப்ள, எதுக்கு ரெண்டு பேரும் சொமக்கோணும், என்று சொன்னது திருமூர்த்திதான், லேத் பட்டறைக்காரருக்கு எதையும் பாதியாகச் சீவிக் குறைத்தால்தான் தூக்கம் வரும். டியூப்புல கடிக்கிற மொனையக் கழட்டிருங்க மாமா, அண்ணாந்து குடிச்சுக்கலாம், நீங்களும் வாய் வெச்சுராதீங்க, எச்சையாயிரும், என்றான் வேலு, சத்தியமா வெக்கல மாப்ள என்று இவரும் சொன்னார், முனையைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டு, டியூப்பை மடித்து ரப்பர் பேண்ட் மாட்டியாயிற்று, தாகமெடுத்தால் நிற்கிறார்கள், ஒருவர் பையைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறார், மற்றவர் கீழே குந்தி வாயைத் திறக்கிறார், டியூப்பிலிருந்து தண்ணீர் வாய்க்குப் போகிறது, கொஞ்சம் மோவாய்க்கும் போகிறது, சட்டை நனைந்தால் இருவருக்கும் சிரிப்பு, நல்ல காலம், நன்றாகத்தான் இருந்தது, மணி ஒன்பது, வெயில் இன்னும் மூர்க்கமாகவில்லை.

பதினொன்றரைக்குக் கடைசி ஏற்றம், உட்கார்ந்து மிதிக்க முடியாத செங்குத்து, இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள், நிழலுக்கென்று ஒரு மரம் கிடையாது, திருமூர்த்தி முன்னால், வேலு ஒரு வளைவு பின்னால், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, நின்று கூப்பிட்டால் வேலு வந்துவிடுவான், ஆனால் நின்றால் மறுபடி கால் எழும்பாது, டியூப் நெஞ்சின் மேலேயே கிடக்கிறது, வாய்க்கும் அதற்கும் நான்கு விரல் தூரம், கை எப்போது ரப்பர் பேண்டைக் கழற்றியது என்று நினைவில்லை, நினைவில்லை என்பதும் பொய், நன்றாக நினைவிருக்கிறது, பெருவிரலால் தள்ளினார், குனிந்தார், வாய் வைத்தார், ஒரு மடக்குத்தான், ஒரு மடக்கில் என்ன வந்துவிடப் போகிறது, வெந்நீர், பிளாஸ்டிக் வாசனை, ஆனாலும் தொண்டை அதை அமிர்தம் என்றது, இனி எப்படியும் எச்சிலாகிவிட்டது, வாய்தான் வைத்தாயிற்றே என்று இன்னொன்று, அப்புறம் அதற்கடுத்தது, பின்னால் வேலு காவடிப் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறான், நடுநடுவே அரோகரா, இவர் உறிஞ்சுகிற சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை, முதுகுப் பக்கமிருந்து பார்க்கிறவனுக்கு முன்னால் போகிறவன் குடிக்கிறானா, தலையைக் குனிந்து மூச்சு வாங்குகிறானா என்று தெரியவே தெரியாது, டியூப்பில் காற்றுச் சத்தம் வந்தபோதுதான் திருமூர்த்தி வாயை எடுத்தார்.

மாமா, ஒரே ஒரு மடக்குங்க, என்று வேலு வந்து குந்தி வாயைத் திறந்தான், திருமூர்த்தி பையைக் கழற்றித் தூக்கிப் பிடிக்கவும் செய்தார், அதை நினைத்தால்தான் அவருக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது, காலி என்று தெரிந்தே பிடித்தார், இரண்டு சொட்டு விழுந்தது, அதுவும் அவர் எச்சில், என்னுங்க மாமா, தீந்து போச்சு மாப்ள, அதெப்புடிங்க தீரும், நீ அண்ணாந்து குடிக்கறேன்னு பாதியச் சட்டைக்குத்தான ஊத்துன, அதான், என்று சொல்லிவிட்டார், யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்து விழுந்துவிட்டது, வேலு குனிந்து தன் சட்டையைப் பார்த்தான், காய்ந்து உப்புப் பூத்துக் கிடந்தது, ஆமாங்க மாமா, தப்பு எம்மேலதானுங்க, என்றான். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் நடந்தார்கள், வேலுவுக்கு வியர்ப்பது நின்றது, பேச்சு குழறியது, கால் ஒன்றுக்கொன்று பின்னியது, பட்டறையில் ஆள் வந்திருக்குதான்னு பாருங்க மாமா என்று புதரைப் பார்த்துச் சொன்னான், பிறகு சைக்கிளோடு சேர்ந்து சாய்ந்தான், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் தன் குடத்துத் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினாள், இவரு குடிச்சிருக்காரு இவன் குடிக்கலயாட்ட இருக்குது என்று இருவர் உதட்டையும் பார்த்துச் சட்டென்று சொன்னாள், முன்பின் தெரியாத அவளுக்கு ஒரு பார்வையில் தெரிந்தது, திருமூர்த்தி அவளைப் பார்க்காமல் டெம்போவைக் கூப்பிட ஓடினார்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள், இரண்டு தடவை டயாலிசிஸ், கழுத்திலிருந்த மாலையை நர்ஸ் கத்தரிக்கோலால் வெட்டி ஒரு கவரில் போட்டுத் திருமூர்த்தியின் கையில்தான் கொடுத்தாள், உத்திரத்தன்று ஊரே காவடி எடுத்துப் போயிற்று, வேலு கட்டிலில் கிடந்து விட்டத்தைப் பார்த்தான். பிழைத்து வந்தவனைச் சாந்தாமணி விட்டுவைக்கவில்லை, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அதே பாட்டு, சாகப் போறவனுக்கு என்னடா எச்சை, உன்ற மடி ஆசாரம் உன்னையக் கொல்லப் பாத்துச்சே, இந்த மனுசன் பக்கத்துல இல்லீன்னா என்னாயிருக்கும், இந்த மனுசன் தலையைக் குனிந்து ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார், வேலு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அவனுடைய பம்ப்செட் கடையில் தலைக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படம் ஒருநாள் காணாமல் போனது, ஆணி மட்டும் இருந்தது, தை வந்தது, பூசம் வந்தது, இந்த வருடப் பங்குனியும் வந்து போய்விட்டது, வேலு கொடுமுடிப் பக்கமே தலைவைக்கவில்லை, ஏண்டா என்று யாரும் கேட்கவில்லை, திருமூர்த்திக்குக் கேட்க வாய் ஏது.

சார், ஆடாம இருக்க ஒரு வழி இருக்குது, என்கிறாள் ரோஸ்லின், உள்ள இருக்கற காத்த உறிஞ்சி எடுத்துட்டா தண்ணி அசையாது, நீங்களே உறிஞ்சுங்க, முதல்ல காத்து வரும், அப்பறம் தண்ணி, முனையக் கடிச்சாத்தான் தெறக்கும், புதுசுதானுங்க, கழுவியிருக்கு. டியூப்பை எடுத்து வாயருகே கொண்டுவந்து பிடிக்கிறாள், வேலு ஸ்டூலிலிருந்து நிமிர்ந்து பார்க்கிறான், குடிங்க மாமா, என்கிறான், திருமூர்த்தி கடிக்கிறார், காற்று வருகிறது, அந்தச் சத்தம், அதே சத்தம், ஏற்றத்தில் கடைசியாய்க் கேட்டது, பிறகு தண்ணீர், அதே பிளாஸ்டிக் வாசனை, ஒரு மடக்கு, நிறுத்த வேண்டும், நிறுத்தலாம், இரண்டு, மூன்று, வேலு பார்த்துக்கொண்டிருக்கிறான், தொண்டைக் குமிழ் ஏறி இறங்குவதைத்தான் பார்க்கிறான், கடைக்குள் ஏசி ஓடுகிறது, தாகமே இல்லை, ஆனாலும் வாய் அதை விடமாட்டேன் என்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் விடாது, அது இப்போது அவருக்கு நிச்சயமாகத் தெரிகிறது, பயத்தில் டியூப்பைத் துப்புகிறார், தண்ணீர் சட்டையில் சிந்துகிறது.

மாப்ள, அன்னிக்குச் சிந்தலடா, என்கிறார். என்னுங்க மாமா. தண்ணி சிந்தல, நாந்தான் குடிச்சேன், ஏத்தத்துல, நீ பாடிட்டு வந்தியே அப்ப, வாய் வெச்சு, தீர்ற வரைக்கும் குடிச்சேன், குடிச்சுப்போட்டு உம்மேல பழியப் போட்டேன். ரோஸ்லின் ஒரு முகத்தைப் பார்த்தாள், மற்றொரு முகத்தைப் பார்த்தாள், உள்ளே ஏதோ பெட்டி தேடுகிற சாக்கில் அக்கட்டால் போய்விட்டாள். வேலு மடியிலிருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைக்கிறான், அவசரமே இல்லை, எத்தன மடக்குங்க, என்கிறான். எண்ணல மாப்ள. சும்மா சொல்லுங்க. பத்து இருக்கும், பன்னண்டு இருக்கும். பன்னண்டு, என்று மெதுவாகத் திருப்பிச் சொல்கிறான் வேலு, எனக்கு ரெண்டு மடக்கு இருந்தாப் போதும்னு ஆஸ்பத்திரியில சேத்தன்னிக்கு டாக்டரு சொன்னாருங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா, ரெண்டே ரெண்டு மடக்கு முன்னாடி கெடச்சிருந்தாக்கூட இந்த அளவுக்கு வந்திருக்காதுன்னாரு, நீங்க பக்கத்துலதான நின்னீங்க.

நின்றார், கேட்டார், அன்றிரவே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, இப்போது காலைப் பிடித்துக்கொள்ளலாமா என்று தோன்றுகிறது, முதுகில் மூன்று லிட்டரோடு குனிந்தால் எழுந்திருக்க முடியுமா என்ற கேவலமான யோசனையும் கூடவே வருகிறது, அழுகை வந்துவிட்டது, அதையாவது அடக்கவில்லை. வேலு அழவில்லை, ஒரு வருசமா அவங்கூடப் பேசலீங்க மாமா, என்கிறான். யாருகூடடா. பழனியில இருக்கறவங்கூடத்தான், பத்து வருசம் உனக்குத் தண்ணி சொமந்தேன், உன்ற வெரதத்துக்காக அண்ணாந்து குடிச்சதுக்கு நல்லாக் கூலி குடுத்துட்டியேன்னு ஒருநாளு கடையில ஆளில்லாதப்பக் கத்துனேன், படத்தக் கழட்டிப் பழைய இரும்புக்குள்ள போட்டேனுங்க, காவடியத் தொடல, எங்கம்மா அழுதுச்சு, அப்பவும் தொடல, அவனென்ன பண்ணுவான் பாவம், அவன் சும்மாத்தான இருந்திருக்கான், அக்கா திட்டறப்பெல்லாம் நீங்க பக்கத்துல ஒக்காந்து சோறு தின்னுட்டு இருந்தீங்களே மாமா.

அடித்திருந்தால் தேவலாம், திருமூர்த்தி அடிக்காகத்தான் காத்துக்கொண்டு நின்றார், வேலு ஸ்டூலிலிருந்து எழுந்தபோது கன்னத்தைக்கூடக் கொஞ்சம் திருப்பினார், அவன் அவரைத் தாண்டிக் கல்லாப் பக்கம் போனான், மேடம் என்று கூப்பிட்டான், குரலில் ஒன்றுமே இல்லை, பம்ப்செட் கடையில் வால்வு கேட்டு வந்தவரிடம் பேசுகிற குரல்தான். ஆளுக்கொண்ணாவே குடுத்துருங்க, எனக்கு ரெண்டு லிட்டரு போதும், நானே சொமந்துக்கறேன், ரோஸ்லின் வெளியே வந்து, சாருக்குங்க என்று திருமூர்த்தியைக் காட்டிக் கேட்டாள், வேலு திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அந்த மூணு லிட்டரே இருக்கட்டும், எங்க மாமாவுக்குத் தாகம் சாஸ்திங்க, என்றான். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்து ரோஸ்லின் சிரித்துவிட்டாள், திருமூர்த்தி வாரை அவிழ்க்கவும் தோன்றாமல், நிரம்பிய பையோடு, கடை நடுவில் நின்றார்.