ஐராவுக்குப் பொருந்துமா

பதினேழு நாளாக அந்தக் குழுவில் ஒரே சண்டை. நாமக்கல், சேலம், ஈரோடு பக்கத்து ஆட்கள் நூற்றுச் சொச்சம் பேர், வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுகிறவர்கள், கூடிப் பேசுகிற வாட்ஸ்அப் குழு அது. சண்டை ஐராவைப் பற்றியது. ‘சாம்பல் எல்லை’ என்ற விளையாட்டின் கதாநாயகி. குலமே தீயில் போன பிறகு ஒற்றை ஆளாக வில்லைத் தூக்கிக்கொண்டு எல்லையைக் காக்கக் கிளம்பியவள். இரண்டு பாகங்களாக யாரையும் ஏறிட்டுப் பார்க்காதவள், மூன்றாம் பாகத்தில் மெல்வா என்ற தோணிக்காரியைக் காதலித்துத் தொலைத்தாள். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

கம்பெனிக்காரன் விற்பனைக்காகச் செய்த வேலை என்றார்கள் சிலர். இரண்டாம் பாகத்து இளவரசனுக்கு என்ன குறைச்சல், குதிரை இல்லையா கோட்டை இல்லையா என்று கேட்டான் குழுவை நடத்தும் கோகுல்நாத். என்னவோ அவனே பார்த்து வைத்த வரனை ஐரா தட்டிக்கழித்துவிட்ட மாதிரி அவனுக்குக் கோபம்.

எல்லாவற்றையும் படித்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தவள் மைதிலி. ராசிபுரம் பக்கத்துக்காரி, கொல்லிமலையில் குண்டூர் நாடு என்ற பகுதியின் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறு வருடமாக குவார்ட்டர்ஸில் தனிக்குடித்தனம். வயது முப்பத்து மூன்று. வந்த நான்கு வரன்களையும் அவள் வேண்டாம் என்றதில் அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டார். மலையில் அவளுக்கு நல்ல பெயர். ஒத்தைப் பொம்பளைக்கு எவ்வளவு தைரியம் என்பார்கள். தைரியமாவது மண்ணாங்கட்டியாவது. சாயங்காலம் மூடுபனி இறங்கிவிட்டால் பேச்சுத்துணைக்கு ஒரு நாதி கிடையாது. கேம் ஆடத் தொடங்கியதே அதனால்தான்.

குவார்ட்டர்ஸில் சிக்னல் வராது. ரோட்டில் அரை கிலோமீட்டர் ஏறினால் ஒரு திருப்பத்தில் கிடைக்கும். அதனால் அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. சொல்ல வேண்டியதை சாயங்காலமே எழுதி அனுப்பிவிடுவார்கள். சின்னக் கடிகாரக் குறியோடு அது போனிலேயே காத்துக் கிடக்கும். காலையில் திருப்பத்தை எட்டியதும் தானாகப் போய்விடும். மைதிலி இதில் ஒரு படி மேலே போயிருந்தாள். மனதில் இருப்பதையெல்லாம் கொட்டி எழுதி அனுப்புவாள். காலையில் கிளம்புமுன் படித்துப் பார்த்து, ஆகாததை அழித்துவிடுவாள். சொன்ன மாதிரியும் ஆயிற்று, சொல்லாத மாதிரியும் ஆயிற்று. பெரும்பாலும் அழிபட்டது தேன்மொழிக்கு எழுதியதுதான்.

தேன்மொழி திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ஒரு ரிக் லாரி ஆபீஸில் வேலை பார்ப்பவள். குழுவில்தான் பழக்கம். மூன்று வருடமாக ஒருநாள் தவறாமல் இருவரும் தனியாகவும் பேசிக்கொண்டிருந்தார்கள். நேரில் பார்த்தது ஒரே ஒருமுறை, நாமக்கல் பஸ் ஸ்டாண்டில். ஆளுக்கொரு எலுமிச்சை சோடா குடிக்குமுன் திருச்செங்கோட்டு பஸ் வந்துவிட்டது. அந்த இருபது நிமிடத்தை வைத்துக்கொண்டுதான் மைதிலி இரண்டு வருடமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். பூசி மெழுகுவானேன், அவளுக்குத் தேன்மொழிமேல் காதல்.

அந்தத் தேன்மொழிதான் குழுவில் எதிர்க்கட்சித் தலைவி. அவள் வாதம் மற்றவர்களுடையதுபோல் வெற்று வீம்பு இல்லை. ஐராவின் வளர்ச்சியே யாரும் தேவையில்லை என்று அவள் கற்றுக்கொண்டதில்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவளை நாலே காட்சியில் ஒருத்தி தோளில் சாய்த்துவிட்டால் அது வளர்ச்சியா சறுக்கலா என்பது அவள் கேள்வி. ஆணோ பெண்ணோ, காதலே ஐராவுக்குப் பொருந்தாது. அதிலும் இது வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது என்றாள். வியாழக்கிழமை மைதிலிக்குத் தனியாகக் குரலிலும் பேசி அனுப்பியிருந்தாள்.

“ஏனுங்க அக்கா, ஐராவ உங்களாட்டம் உத்துப் பார்த்தவங்க யாருமில்லீங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நான் ஒத்துக்கறனுங்க.”

மைதிலி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பொருந்தும் என்றால் இவளுக்கு ஏன் இத்தனை அக்கறை என்று தேன்மொழி யோசிப்பாள். யோசித்துக் கண்டுபிடித்துவிட்டால் இருக்கிற ஒரே பேச்சுத்துணையும் போய்விடும். பொருந்தாது என்று சொல்லவோ கை வரவில்லை. தன்னைத் தானே இல்லை என்று சொல்லிக்கொள்வது எப்படி?

அன்று சாயங்காலம் உட்கார்ந்து குழுவுக்கு எழுதினாள். இரண்டாம் பாகத்தில் இளவரசன், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கும்போது ஐரா, எதுவும் இல்லை என்கிறாள். அதை எல்லோரும் வைராக்கியம் என்று நினைத்துக்கொண்டோம். எதுவும் வேண்டாம் என்பதல்ல அதன் பொருள், உன்னிடம் கேட்க எதுவும் இல்லை என்பதுதான். மூன்றாம் பாகத்தில் மெல்வா தோணியைத் தள்ளிக்கொண்டே, சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். ஐரா இல்லை என்கிறாள். மூன்று பாகத்திலும் தனக்குப் பசிக்கிறது என்று அவள் ஒப்புக்கொண்ட ஒரே இடம் அது. அம்பு விடுவதெல்லாம் அவளுக்கு முதல் நாளே தெரியும். புதிதாகக் கற்றுக்கொண்டது இதைத்தான். இதை வளர்ச்சி என்று சொல்லாமல் எதைச் சொல்வது? அவள் தனியாக இருந்தது பலத்தால் அல்ல. வேறு வழி தெரியாததால்.

எழுதி முடித்ததும் கை நிற்கவில்லை. தேன்மொழிக்கும் எழுதினாள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய், நானும் அப்படித்தான், நான்கு வரன்களை வேண்டாம் என்றது திமிரால் இல்லை, உன்னைப் பார்த்த அன்றுதான் எனக்கே காரணம் தெரிந்தது, உன்மேல் எனக்கு ஆசை தேனு என்று எழுதி, வழக்கம்போல் அனுப்பிவிட்டு, காலையில் அழித்துக்கொள்ளலாம் என்று படுத்தாள்.

விடிந்தும் விடியாமலும் ஆம்புலன்ஸ் டிரைவர் ஜான்பீட்டர் கதவைத் தட்டினார். அம்சவேணி என்ற பெண்ணுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது, ரத்தமும் போகிறது, உடனே நாமக்கல்லுக்கு இறக்க வேண்டும் என்றார். மைதிலி கையில் கிடைத்த பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வண்டி திருப்பத்தைத் தாண்டும்போது பைக்குள்ளிருந்து போன் விடாமல் சத்தம் போட்டது. ராத்திரி எழுதியதை அவள் அழித்திருக்கவில்லை. ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டில். இன்னொரு கையை அம்சவேணி எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்திருந்தாள். போனை எடுக்கும் எண்ணமே பாவம் என்று பட்டது. வண்டி எழுபது வளைவுகளையும் இறங்கி முடிக்கும்வரை அவள் அம்சவேணியிடம் பேசிக்கொண்டே வந்தாள்.

பத்தரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். மைதிலி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தாள். இரண்டுமே போயிருந்தன. குழுவில் அறுபதுக்கும் மேல் பதில்கள். இதற்குமேல் பேச என்ன இருக்கிறது என்று கோகுல்நாத்தே கும்பிடு போட்டிருந்தான். அவனுக்குக் கீழே தேன்மொழி எழுதியிருந்தாள்: ஒத்துக்கொள்கிறேன், ஐராவுக்கு மெல்வா பொருத்தம்தான், மைதிலி அக்கா சொன்னது முழுக்க சரி. ஒரு மூச்சு நேரம் மைதிலி நம்பினாள். அந்த ஒரு மூச்சு நேரத்தில் எலுமிச்சை சோடா, திருச்செங்கோட்டில் ஒரு வாடகை வீடு, மாற்றலுக்கு மனு என்று எங்கெங்கோ போய்விட்டாள்.

தனியாக வந்திருந்தது குரல். காதோடு வைத்துக் கேட்டாள்.

“அக்கா, ரெண்டு தடவ படிச்சனுங்க. ஐராவுக்குச் சரிங்க. ஆனா நான் மெல்வா இல்லீங்க அக்கா. உங்க மேல கோவமெல்லாம் இல்லீங்க. கொஞ்ச நாளைக்குப் பேச வேண்டாமுங்க. எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலீங்க.”

பின்னால் ஏதோ லாரி ஹாரன் அடித்தது, அதோடு முடிந்துவிட்டது. மைதிலி, சரி தேனு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதினாள். உடனே போய்விட்டது.

திரும்பும்போது அவள் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அழக்கூடாது என்றுதான் இருந்தாள். பத்தாவது வளைவில் கண் நிறைந்து வழிந்துவிட்டது. ஜான்பீட்டர் பதறிப்போய், குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார்.

“இல்லீங்க. நான் ஆசப்பட்ட ஒருத்தருக்கு என்னைய வேண்டாமாங்க” என்றாள்.

“யாருங்க சிஸ்டர் அந்த ஆளு?”

“ஆம்பள ஆளில்லீங்க. ஒரு பொண்ணு.”

வாயைவிட்டுப் போனபிறகுதான் சொன்னது இன்னதென்று அவளுக்கே உறைத்தது. முப்பத்து மூன்று வருடத்தில் தன் வாயால் ஒரு மனிதர் காதுக்கு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜான்பீட்டர், எதிரே இறங்கி வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரமாக நிறுத்தினார். பஸ் போன பிறகும் உடனே எடுக்கவில்லை.

“கஷ்டந்தானுங்க சிஸ்டர்” என்றார்.

பிறகு வண்டியை எடுத்தார். மைதிலி மீதி வளைவுகள் முழுக்க முகத்தை மூடாமல் அழுதுகொண்டே வந்தாள்.