சுப்பராயன் வேன் தாங்கும் எடை

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துவிட்ட வேன் ஒன்றை மோகா ஊர் சுப்பராயன் வாங்கினார். அதன் கதவில் இரண்டு எடைகள் எழுதியிருந்தன. அவர் கண்ணில் பட்டது பெரியது மட்டும்தான். "ஒன்றரை டன் ஏற்றலாம்" என்று தெருவுக்கே சொல்லி, சுயாக் ஊரில் நடக்கவிருந்த சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மாமியார் வீட்டார் அத்தனை பேரையும் தானே கூட்டிப்போவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் இதுவரை அவர் பேச்சு எடுபட்டதில்லை, பாவம்.

கல்யாணத்தன்று எல்லாரும் ஏறியதும் வேனின் பின்பக்கம் சக்கரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டது. எதிர்வீட்டு மெக்கானிக் ரோஜே சிரித்துக்கொண்டே வந்தான்.

"முசியே, சின்னது வெறும் வண்டியின் எடை. பெரியது வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்த்து. பெரியதில் சின்னதைக் கழித்தால் மிஞ்சுவதைத்தான் ஏற்றலாம். இப்படியே போனால் இறக்கத்தில் பிரேக் பிடிக்காது."

தேங்காய் மூட்டையை இறக்கினார்கள். போதவில்லை. சுப்பராயன் மாமியாரைப் பார்த்தார். மாமியார் ஆகாயத்தைப் பார்த்தாள்.

"ஓட்டுறவர் எடையும் அதில சேர்த்தியா?" என்று கேட்டாள் அவர் மனைவி தைலம்மா.

"சேர்த்திதான், மதாம்" என்றான் ரோஜே, சுப்பராயனின் தொப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்ப நீங்க இறங்குங்க. என் தம்பி ஓட்டுவான். ஒல்லியாவும் இருக்கான்."

அவர் இறங்கினார். வேன் நிமிர்ந்தது. தெருவே பார்க்க, தேங்காய் மூட்டையோடு பஸ்ஸுக்கு நடந்தார்.

சுயாக் சேர்ந்தபோது தாலி கட்டியாகிவிட்டது. "மருமகன் வேன் ரொம்ப வசதி" என்று மாமியார் பந்தியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து வந்த முதல் பாராட்டு அது. சுப்பராயன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, வேனை ஓட்டிவந்தவர் போலவே தலையாட்டிக்கொண்டார்.