விரல் நுனியில் வெள்ளை

…கோட்டைக் கழற்றச் சொல்லாமல் இருந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன், நைரோபியில் ஜூலை மாதம் கோட்டுப் போடாமல் வெளியே வருகிறவள்தான் பைத்தியம், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது, ஆனால் இது பிஸ்கட் ஃபாக்டரி, சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிகிறது, பெஞ்சில் சாய்ந்தால் முதுகு சுடுகிறது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். அக்காவுக்கு வேர்க்கலையா என்றாள். லேசா காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். தின்கிற பொருள் செய்யும் இடத்துக்கு வேலை கேட்டு வந்து காய்ச்சல் என்று சொன்ன புத்திசாலி இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஐந்து மாதம். மூத்தவளுக்கு ஏழு மாதம் வரைக்கும் வெளியே தெரியவில்லை, இது அவசரக் குடுக்கை, இப்போதே முந்திக்கொண்டு நிற்கிறது, உட்கார்ந்தால் கோட்டின் நடுப் பொத்தான் இழுக்கிறது, அதனால் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டேன், ஃபைலின் மேல் கையை, கையின் மேல் கையை… ஒசோரோ காலையில் சிரித்தான். "குண்டுன்னு நினைச்சுப்பாங்க, போ. குண்டா இருந்தா வேலை தரமாட்டாங்களா என்ன?" என்றான். கட்டின புருஷன் சொல்கிற வார்த்தை. அவனுக்கென்ன, மரக்கடையில் பலகை இழைக்கப் போகும்போது எவனாவது அவன் வயிற்றைப் பார்க்கிறானா, இந்தப் பிள்ளையில் பாதி அவனுடையதுதானே, அந்தப் பாதி எங்கே தெரிகிறது?

கோபப்பட்டு என்ன செய்ய. எனக்கு வேலை வேண்டும், வேலையைவிட ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டுகிற அந்த இன்ஷூரன்ஸ் அட்டை வேண்டும். மூத்தவளை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள், இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தேன், அடுத்ததும் கிழித்துத்தான் எடுக்க வேண்டும், வீட்டில் பெற்றுக்கொள்ளலாம் என்று கனவிலும் நினைக்காதே கெருபோ என்று அந்த டாக்டர் அப்போதே சொன்னாள். சம்பளச் சீட்டு இருக்கிறவரைக்கும் அட்டை ஓடும், இல்லையென்றால் நின்றுவிடும். ஒசோரோவின் மரக்கடையில் சம்பளச் சீட்டு என்றால் என்ன என்று கேட்பார்கள். ஜூன் கடைசியில் பழைய துணி ஃபாக்டரியில் என் கான்ட்ராக்ட் முடிந்தது, மூன்று வருஷமாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டே வந்தார்கள், இந்தத் தடவை முதலாளி, "கொஞ்சம் ரெஸ்ட் எடும்மா," என்றார், சிரித்துக்கொண்டே, என் வயிற்றைப் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். எனக்கு அப்படியே வேர்த்துவிட்டது. ஏனென்றால் கையைப் பார்க்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

கல். அதை நினைத்தாலே வாயில் எச்சில் ஊறுகிறது, வெட்கம்கெட்ட நாக்கு. கிகொம்பா சந்தையில் குவித்து வைத்து விற்கிறார்களே, ஓடோவா, கடித்தால் மழை விழுந்த மண் வாசனை வரும் அந்த மெத்தென்ற கல், இந்த ஊரில் மசக்கையில் அதைத் தின்னாமல் எவள் பிள்ளை பெற்றிருக்கிறாள்? தின்கிறவளுக்கு விரல் நுனியில் வெள்ளை ஒட்டிக்கொள்ளும், நகக்கண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும், கழுவினாலும் காய்ந்ததும் மறுபடி வெளுக்கும், இது எல்லாப் பெண்களுக்கும் தெரியும், எந்த ஆணுக்கும் தெரியாது, அப்படியே இருந்திருக்கலாம். அந்தத் துணி ஃபாக்டரியில் ஆள் எடுக்கும் மேஜையில் என்னை உட்கார வைத்தபோது முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். எடுக்கிறேன், எடுத்த நாலாம் மாதம் பிரசவ லீவு என்கிறார்கள், வயிற்றைப் பார்த்தால் தெரியமாட்டேன் என்கிறது, கேட்டால் சட்டம் பேசுகிறார்கள் என்றார். நான்தான், அந்த நாசமாய்ப் போன வாய்தான், "வயித்தைப் பாக்காதீங்க சார், கையைப் பாருங்க," என்றது. அன்று எனக்கு டீயோடு கேக் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அதுதான் என் வேலை… முதலில் பெயரைக் கேட்பேன், எழுதுவேன், இங்கே கையெழுத்துப் போடம்மா என்று பேனாவை நீட்டுவேன், விரலைப் பார்ப்பேன், வெள்ளை இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி. அவ்வளவுதான். நான் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை, ஒரு புள்ளி வைத்தேன். எத்தனை புள்ளி? நாஃபுலா என்று ஒருத்தி மட்டும் நினைவிருக்கிறாள், நான் அவள் விரலைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள், கெஞ்சவில்லை, பாவாடையில் மெதுவாகத் துடைத்துக்கொண்டு, "நீயும் பெத்தவதானேக்கா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த ஆள் வரலாம் என்றேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். கேள்வி கேட்கிறவர் ஆணாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன், இருந்தது இரண்டு பேர், ஒருவர் புரொடக்ஷன் மேனேஜர், வழுக்கை, கொட்டாவி, இன்னொருத்தி ஆள் எடுக்கும் மேடம், முதேயு என்று மேஜையில் பெயர்ப்பலகை, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், கண்ணாடிக்கு மேலே பார்க்கிற கண். எனக்கு அந்தக் கண் தெரியும். முகம் பார்க்கிற கண்ணாடியில் தினமும் பார்த்த என் கண். சர்ட்டிஃபிகேட்டைக் கொடுங்கள் என்றாள், கொடுத்தேன், கொடுத்த பிறகுதான் பார்த்தேன், என் பெயருக்குக் கீழே, தாளின் ஓரத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளைத் தடம். வரும் வழியில் மடாட்டு வேனில் அந்தக் கல்லில் ஒரே ஒரு துண்டு, ஒரே ஒரு கடி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு… ஊரார் விரலையெல்லாம் பார்த்தவள் என் விரலைப் பார்க்காமல் வந்திருக்கிறேன். முதேயு அதைத் தொட்டாள். இரண்டு விரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனாள். போயிற்று, எழுந்துவிடலாமா, எழுந்தால் வயிறு தெரியும், உட்கார்ந்திருந்தாலும் என்ன மிச்சம்? மேனேஜர் எட்டிப் பார்த்து, அதென்ன அழுக்கு என்றார். "மாவு சார்," என்றாள் முதேயு. "நம்ம பெஞ்சு முழுக்க மாவுதான். எத்தனை தடவை துடைக்கச் சொல்றது?" கைக்குட்டையால் என் சர்ட்டிஃபிகேட்டைத் துடைத்தாள். மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது, அம்மா, உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்… அதற்குப் பிறகு என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன், ஒன்றும் நினைவில்லை. வேலை உனக்குத்தான் என்றார்கள்.

தாழ்வாரத்தில் பின்னாலேயே வந்தாள். கோட்டைக் கழட்டிக்கோ, வேர்த்து வழியுது என்றாள். கழற்றினேன், அப்பாடா என்று இருந்தது, அவள் என் வயிற்றைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், எதிர்பார்த்த சரக்கு வந்து சேர்ந்த மாதிரி.

"உன் பழைய முதலாளிக்கு நேத்தே போன் பண்ணிட்டேன். ஏன் விட்டீங்கன்னு கேட்டா உடம்பு சரியில்லைங்கிறார். எனக்குப் புரியாதா?"

"அப்புறம் ஏன் மேடம் எனக்கு…"

"உன் கண்ணு இருக்கே, அதுக்குத்தான். அவரே சொன்னார், ஒரு பார்வையில கண்டுபிடிச்சிடுவியாமே. போன தடவை பேக்கிங்குக்கு நாப்பது பேரை எடுத்தேன், அதுல ஏழு பேர் இப்ப லீவுல, மேனேஜர் என் கழுத்துல கத்தி வைக்கிறார். திங்கட்கிழமை வாசல் கேட்டுல நீதான் உக்காந்து ஆள் எடுக்கணும். ஒருத்தி தப்பக்கூடாது."

கான்ட்ராக்ட் எத்தனை மாதம் என்று கேட்டேன். அக்டோபர் வரைக்கும் என்றாள். பிள்ளை நவம்பரில். எப்படியும் கிழித்துத்தானே எடுக்கப்போகிறார்கள், இரண்டு வாரம் முன்னாலேயே எடுத்துவிடுங்கள் என்று டாக்டரிடம் கேட்கலாமா என்றுகூட அந்த ஒரு நொடியில் யோசித்தேன், என்ன பிறவி நான். முதேயு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நீ ஆளைச் சரியா எடுத்தா அக்டோபர்ல கான்ட்ராக்டை நீட்டி நானே கையெழுத்து வாங்கித் தர்றேன், அட்டை ஓடும், நிம்மதியாப் பெத்துக்க, என் பேச்சுன்னா பேச்சு என்றாள். பொய் சொல்கிற முகமில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவளைத் திட்டவும் முடியவில்லை. அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் மாவு என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன், புள்ளி வைத்திருப்பேன், அந்த அளவுக்கு அவள் என்னைவிட மேல், இல்லை, என்னைவிடக் கெட்டிக்காரி, இரண்டில் எது என்று இப்போது எதற்கு… நன்றி மேடம் என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

வெளியே குளிர் முகத்தில் அடித்தது. கேட்டின் அருகே சுவரோரமாகப் பத்துப் பதினைந்து பெண்கள், சிலர் முதுகில் பிள்ளையோடு, திங்கட்கிழமைச் செய்தி அதற்குள் எப்படித்தான் பரவியதோ. தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிடலாம் என்றுதான் நடந்தேன். பச்சைத் துணி தலையில் கட்டிய ஒருத்தி, இருபது வயதுகூட இருக்காது, ஓடிவந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டாள்.

"உள்ளேயிருந்துதானேக்கா வர்றீங்க? என்னக்கா கேக்குறாங்க? ரொம்பக் குடைவாங்களா?"

ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றேன். பிறகு, கையைக் காட்டு என்றேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் நீட்டினாள், கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகக்கண் வெளுத்திருந்தது, திங்கட்கிழமை வரும்போது உப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வா, நகத்தை ஒட்ட வெட்டிக்கொள், அதுவரை அந்தக் கல்லைத் தொடாதே, இதைச் சொல்லத்தான், இதை மட்டும்தான் சொல்ல, வாயைத் திறந்தேன்.

"உன் பேர் என்ன?" என்று கேட்டேன்.